இரு சகோதரரும் ஒரு மாகாணமும்

எல்லைக் காந்தி என அறியப்பட்ட கான் அப்துல் கபார் கானைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எழுதிய குறிப்புகளே என் கைமுதல். அவற்றில் அவருடைய மூத்த சகோதரர் டாக்டர் கான் சாஹிப் ஒரே வரியில் முடிந்துவிடுவார். சென்ற தவணை ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "நானாட அரசாங்கம்தான் தம்பியப் பிடிச்சு மறியல்ல போட்டதாம், வாப்பா சொன்னாரு. அப்ப நானா கெட்டவரா, சேர்?"

அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. பின்பு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

சார்சத்தாவை அடுத்த உத்மான்ஸை கிராமத்தில் பிறந்த கான் சாஹிப் லண்டனில் வைத்தியம் கற்றவர். முதலாம் உலகப்போரில் பிரான்சில் பணியாற்றினார். தம்பி 1929இல் குதாயி கித்மத்கார் இயக்கத்தைத் தொடங்கி மக்களிடையே நடந்தார். அண்ணன் சட்டசபைக்குச் சென்றார். 1937இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவையை அமைத்தவர் அவரே. 1939இல் பதவி துறந்து, 1945இல் மீண்டார். 1946 தேர்தலில் 50 ஆசனங்களில் 30 அவரது கட்சிக்குக் கிடைத்தன.

மறு ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1947 ஜூலையில் நடந்த பொதுசன வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகள், இந்தியாவுக்கு 2,874 வாக்குகள். தனிப் பக்தூன் நாடு என்ற மூன்றாவது தெரிவு இல்லாமையால் கபார் கானின் இயக்கம் வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்தது. வாக்களித்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. எனினும் மக்கள் தீர்ப்பளித்த பின் அந்த அமைச்சரவைக்கு என்ன உரிமை என லீக் கேட்டதையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அதற்கு விடை காணும் இடம் சட்டசபை. அங்கே வாக்கெடுப்பு நடக்கவில்லை. நாடு பிறந்து எட்டு நாட்களில், 1947 ஓகஸ்ட் 22இல், ஜின்னாவின் பணிப்பின் பேரில் ஆளுநர் அமைச்சரவையைக் கலைத்தார். புதிய தேசியக் கொடியேற்றத்துக்குச் சமுகமளிக்காமை குற்றங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பதவியேற்ற அப்துல் கையூம் கான், 1945 வரை காங்கிரஸில் இருந்தவர். பிறகு இதே வழி பழகிப்போயிற்று. 1948இல் சிந்துவின் முதலமைச்சர் நீக்கப்பட்டார். 1954இல் தேர்தலில் பெருவெற்றி பெற்ற கிழக்கு வங்க அமைச்சரவையும் கலைக்கப்பட்டது.

கான் சாஹிப் காவலில் சில ஆண்டுகளைக் கழித்தார். அதன் பின்னர்தான் என் மாணவனின் கேள்வி பிறக்கிறது. தம்மை நீக்கிய மத்திய அரசில் 1954இல் அவர் அமைச்சரானார். 1955 ஒக்டோபரில் மேற்கின் மாகாணங்கள் யாவும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டபோது, அதன் முதலாவது முதலமைச்சரும் அவரே. எந்த எல்லைப்புற மாகாணத்துக்காக வாழ்ந்தாரோ அதுவே வரைபடத்திலிருந்து மறைந்தது. தம்பி அதனை எதிர்த்து ஊர் ஊராகச் சென்றார். 1956இல் கைதானார். அப்போது அண்ணன் முதலமைச்சர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

1957இல் அவரது ஆட்சியும் முடிந்தது. 1958 மே 9ஆம் திகதி லாகூரில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட காணிவரி எழுதுவினைஞர் ஒருவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஐந்து மாதங்களில் இராணுவ ஆட்சி வந்தது. சட்டசபைகள் யாவும் மூடப்பட்டன.

1970இல் மாகாணங்கள் மீண்டன. 2010இல் அந்த மாகாணம் கைபர் பக்தூன்க்வா என்னும் பெயரைப் பெற்றது. தம்பி 1988 வரை வாழ்ந்தும் அதைக் காணவில்லை.

மறுவாரம் அந்த மாணவனிடம் சொன்னேன்: "மகன், கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்கள் பிரதிநிதிகளைக் கேளாமல் மேலிருந்து ஓர் அமைச்சரவையை அகற்றலாம் என்ற வழக்கம் முதலில் அவர் மீதே பாய்ந்தது. பின்பு மேலிருந்து வந்த நாற்காலியை அவர் மறுக்கவில்லை. அநியாயத்தைத் தானே அனுபவித்தவருக்கும் அதை அடையாளம் காண முடியாமல் போகலாம்."

அவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். என் பழைய குறிப்பில் நானும் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, பக்கத்தில் புதுத்தாள் ஒன்றை ஒட்டினேன்.