தும்பு அவிழ்த்த சொல்

போன மாதம் எங்கள் பேட்டைப் பூங்காவில் முதியோருக்கான காலைக் கூட்டம் ஒன்று நடந்தது. நடை முடித்து வந்தவர்களை உட்காரவைத்து, உடற்பயிற்சி, மூளை நலம் தொடர்பான இருபது ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் முதல் சொல்லுக்குப் பேச்சாளர் தந்த விளக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. 'எக்சர்சைஸ்' என்பதும், பேயோட்டுவதைக் குறிக்கும் 'எக்ஸார்சைஸ்' என்பதும் ஒரே சொல்லாம். உடம்பைப் பிடித்த சோம்பல் பேயை ஓட்டுவதால் அந்தப் பெயராம். எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு நாளில் அதே விளக்கம் வாட்ஸாப்பில் எனக்கே வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தகாது.

ஓசை ஒத்திருந்தால் உறவு என்று முடிவுகட்டுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. எக்ஸார்சைஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஹொர்கொஸ்' என்றால் சத்தியம், ஆணை. ஆணையிட்டுக் கட்டுவதுதான் அச்சொல்லின் முதற்பொருள்; ஓட்டுவது அதன் பின்விளைவு. நம் ஊர்ப் பூசாரி என்ன செய்கிறார்? 'போய்விடுகிறேன்' என்று பேயிடம் சத்தியம் வாங்குகிறார். பிறகு உச்சிமுடியில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கிறார். அங்கேயும் கட்டுதான் முக்கியம். கிரேக்கச் சொல்லின் பொருளை நம் கோயில் வாசலில் நின்று பார்த்தாலே விளங்கிவிடும்.

எக்சர்சைஸோ இலத்தீன் வழி வந்தது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஆர்கேரெ' என்றால் அடைத்தல், தடுத்து நிறுத்தல். இரண்டும் சேர்ந்து 'எக்ஸெர்கேரெ'. அடைத்ததைத் திறந்து வெளியே விடுதல், ஓயாமல் வேலையில் செலுத்துதல். ஒன்று கட்டுகிற சொல், மற்றது அவிழ்க்கிற சொல். இவை இரண்டையும் ஒன்றென்பவர், கதவுக்கும் பூட்டுக்கும் வேறுபாடு இல்லை என்கிறார்.

ஆர்கேரெயின் சுற்றம் பெரியது. பெட்டிக்கு இலத்தீனில் 'ஆர்க்கா'. நோவாவின் பேழையை ஆங்கிலத்தில் 'ஆர்க்' என்பது அதனால்தான். கோட்டைக்கு 'ஆர்க்ஸ்', அதையும் இந்த வினையிலிருந்தே பிரித்துக்காட்டியவர் கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் வர்ரோ. கட்டாயப்படுத்துவதைக் குறிக்கும் 'கோயர்ஸ்' எக்சர்சைஸின் உடன்பிறப்பு. சேர்த்து அடைத்தால் கோயர்ஸ், திறந்துவிட்டால் எக்சர்சைஸ். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஓடும் டிரெட்மில் இந்த இரண்டு வீட்டிலும் வாழ்ந்திருக்கிறது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம் அது. முடிவில்லாத படியை ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பிரிட்டிஷ் சிறைகள் அதைக் கைவிட்டன.

எக்ஸெர்கேரெ எந்த இடத்தில் பிறந்தது? படைவெளியில் என்பார்கள் சிலர். படைக்கு இலத்தீனில் 'எக்ஸெர்கிட்டுஸ்'. பயிற்றப் பயிற்றத் தேறுவதால் அப்பெயர் என்று வர்ரோவே எழுதினார். படைக்கு அது சரி. ஆனால் படையை விட மூத்தது உழவு. ரோமானியக் கவிஞர் வர்ஜில் தம் ஜியார்ஜிக்ஸ் முதல் நூலில் நிலத்தை உழுது பண்படுத்துவதற்கு இந்த வினையைத்தான் ஆள்கிறார். ஆக, அடைத்து வைத்திருந்த எதைத் திறந்து வயலுக்கு ஓட்டினார்கள்? மாட்டைத்தான் என்பேன்.

என் தாத்தா விடிகாலை நாலரைக்குத் தொழுவத்துப் படலைத் திறப்பார். கட்டுத்தறியில் முடிச்சை இழுத்துவிட்டதும் மாடு உடனே நகராது. முதுகை ஒருமுறை வில்லாக வளைக்கும். பின்னங்கால் ஒன்றைப் பின்னால் நீட்டி உதறும், பிறகு மற்றதை. கழுத்தை நீட்டி மூச்சு விடும். மூக்கிலிருந்து ஆவி கிளம்பும். அதற்கப்புறம்தான் வாசலைத் தாண்டும். எக்ஸெர்கேரெ என்ற சொல்லை அகராதியில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குக் கண்முன் வந்தது அந்தப் பின்னங்கால்தான்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் கோழி வளர்க்கும் ஏழைக் கைம்பெண் ஒருத்தி வருவாள். அளவான உணவு, உடலசைவு, மனநிறைவு ஆகிய மூன்றே அவளுக்கு மருந்து. அந்த இரண்டாவதற்குச் சாசர் போட்ட சொல் எக்சர்சைஸ். அதிலும் மாடுகளும் முற்றமும் இருப்பதைக் கவனியுங்கள்.

பக்கத்துச் சொற்களையும் விட மனமில்லை. தசைக்கு ஆங்கிலத்தில் 'மசில்'. இலத்தீனில் அதற்குச் சுண்டெலி என்று பொருள். கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவதாக ரோமர் கண்டார்கள். தமிழர் கண்டது மீனை. கெண்டைக்கால் என்கிறோம். தெலுங்கில் 'கண்ட' என்றால் தசை, அதுவே கெண்டை ஆயிற்று என்பவர்கள் உண்டு. நான் மீன் பக்கமே நிற்கிறேன்: இரண்டு முனையும் ஒடுங்கி நடு வயிறு புடைத்த அந்தச் சதையைப் பார்த்தவர் வேறு எதை நினைப்பார்?

மூளைக்குள்ளும் ஓர் உயிரினம் உண்டு. இத்தாலியின் போலோனாவில் இருந்த உடற்கூற்றியலாளர் அரான்சியோ 1587இல் வெளியிட்ட நூலில், மூளையின் ஆழத்தில் வளைந்து கிடந்த மேட்டுக்குக் கடற்குதிரையின் பெயரான 'ஹிப்போகேம்பஸ்' என்பதைச் சூட்டினார். பட்டுப்புழு போலவும் இருக்கிறது என்று எழுதினார். நினைவைச் சேர்த்துவைக்கும் இடம் அது என்பது அவருக்குத் தெரியாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கிர்க் எரிக்சன் குழுவினர் அமெரிக்காவில் 120 முதியவர்களை ஓராண்டு கவனித்தார்கள். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை விரைந்து நடந்தவர்களுக்கு அந்தக் கடற்குதிரை சுமார் 2 விழுக்காடு பெருத்தது. நீட்டி மடக்கும் அசைவுகள் மட்டும் செய்தவர்களுக்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடு சுருங்கியது. பூங்காக் கூட்டத்தில் சொல்லியிருக்கவேண்டிய செய்தி இது.

'உடற்பயிற்சி' என்ற நம் சொல் ஆங்கிலத்தின் நிழல் என்பாரும் உண்டு. ஒப்பமாட்டேன். பயில்தல் நம் சொந்த வேர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் அது நெடுநாள் பழகிய நட்பைக் குறிக்கிறது. வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் நூலுக்கு நவில்தலையும் நல்லார் தொடர்புக்குப் பயில்தலையும் பிரித்து வைத்தார். பயில்வது நெருங்கிப் பழகுவது; பழகப் பழக இனிப்பது. வடமொழி 'அப்பியாசம்' இன்னொரு வழி: ஒன்றை நோக்கித் திரும்பத் திரும்ப எறிதல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இன்றும் 'அப்பியாசக் கொப்பி'யில்தான் கணக்கெழுதுகிறார்கள். ரோமன் அவிழ்த்துவிட்டான், வடமொழியான் எறிந்தான், தமிழன் நெருங்கிப் பழகினான். மூன்றும் மூன்று பிறப்பு.

எக்ஸெர்கேரெயின் தொழுவப் பொருளை அகராதிக்காரர்கள் 'இருக்கலாம்' என்று அளவோடு எழுதுகிறார்கள். கட்டுத்தறி முடிச்சு அவிழ்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் ஐயமில்லை. எக்சர்சைஸ் ஏருக்கு மாடு அவிழ்த்த சொல். பேயோட்டும் அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.