முலாமுக்கு அடியில் இருக்கும் உலோகம்

கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் 1903ஆம் ஆண்டு விற்ற சேஃப்டி ரேசர்கள் மொத்தம் 51. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்காக வாங்கியவையோ ஏறத்தாழ 35 லட்சம். பழம்பொருள் சந்தைகளில் இன்றும் இவ்வகை ரேசர்கள் மலிந்து கிடப்பதில் வியப்பில்லை. அவற்றின் வயதைக் கணிப்போர் பெரும்பாலும் வடிவத்தையும் பொறிக்கப்பட்ட எண்ணையும் மட்டுமே பார்க்கின்றனர். உலோகத்தைக் கேட்பவர் குறைவு. பொய் சொல்லாத சாட்சி அதுவே.

கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் முலாம் மட்டுமே. தொடக்க கால ஜில்லெட் ரேசர்களின் உடல் பித்தளை. அதன்மேல் வெள்ளி, பொன் அல்லது நிக்கல் முலாம். வெள்ளி காற்றில் கறுக்கும். நிக்கல் கறுக்காது, இளமஞ்சள் சாயலோடு மங்கும். நீலச் சாயலுடன் கண்ணாடிபோல் மின்னினால் அது குரோமியம். குரோமிய முலாம் தொழில்முறையில் வழக்கிற்கு வந்தது 1920களின் நடுப்பகுதியில்தான். ஆகவே, 1910ஆம் ஆண்டினது என்று விற்கப்படும் ஒரு ரேசர் குரோமியமாய் மின்னுமானால், அது பின்னாளில் முலாம் பூசப்பட்டது. அல்லது அந்த ஆண்டே தவறு. (ஜெர்மன் வெள்ளி எனப்படும் கலப்புலோகத்தில் வெள்ளி அணுவளவும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே உண்டு. பெயரை நம்பி விலை கொடுத்தோர் பலர்.)

முலாம் தேய்ந்த இடத்தில்தான் உண்மையான ஆய்வு தொடங்குகிறது. அலகு பொருந்தும் விளிம்பு, பிடியின் அடி, திருகுமரை ஆகியவை முதலில் தேயும். அங்கே மஞ்சள் தெரிந்து, இடுக்கில் பச்சைக் களிம்பும் இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமும் வெண்பொடியும் தென்பட்டால் துத்தநாகக் கலவை. காந்தம் வலுவாய் இழுத்தால் எஃகு; மெல்லப் பற்றினால் மட்டும் அவசரப்படக் கூடாது, ஏனெனில் நிக்கல் முலாமும் காந்தத்திற்கு வசப்படும்.

ஐயம் நீங்காவிடில் ஆர்க்கிமிடிஸின் வழி இருக்கிறது. காற்றில் 16.8 கிராம் இருக்கும் தலைமூடி, நூலில் கட்டி நீரில் தொங்கவிடும்போது 14.8 கிராம் காட்டினால், அடர்த்தி 8.4: பித்தளை. துத்தநாகக் கலவைக்கு இது ஏறத்தாழ 6.6, அலுமினியத்திற்கு 2.7. உள்ளீடற்ற பிடியை இவ்வாறு நிறுத்தல் பயனற்றது. உள்ளே சிக்கிய காற்று கணக்கைக் கெடுத்துவிடும். தலைப்பகுதியையே நிறுக்க வேண்டும்.

துத்தநாகக் கலவைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஈயமும் வெள்ளீயமும் சிறிதளவு கலந்திருந்ததாலேயே பழைய துத்தநாக வார்ப்புகள் தாமாகவே வெடித்து உதிர்ந்தன. 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைக் கொண்டு, 1929இல் நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் சமாக் வகைக் கலவைகளை உருவாக்கியது. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துகளே அப்பெயர். மலிவாக அச்சில் வார்க்கலாம் என்பதால் ரேசர் தொழிலும் அதைப் பற்றிக்கொண்டது. இந்த வேறுபாடு அறியாமல், வீட்டுப் பித்தளைப் பாத்திரம்போல் எண்ணிப் புளியிட்டுத் துலக்கினால், முலாம் விட்ட இடங்களில் அமிலம் துத்தநாகத்தை அரித்துக் குழிகளாக்கிவிடும். அந்தச் சேதத்திற்கு மாற்று இல்லை.

பித்தளையை ரேசரிடமிருந்து பறித்தது போர். தோட்டா உறைக்கு உகந்தது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. இரண்டாம் உலகப்போரில் செம்புத் தட்டுப்பாடு எவ்வளவு முற்றியதெனில், 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தையே எஃகில் அச்சிட்டது. அக்காலத்தில் பிளாஸ்டிக் பிடிகளுடனும் ரேசர்கள் வந்தன. அவற்றைத் தரக்குறைவு என ஒதுக்குவோர் ஒரு போர்க்கால ஆவணத்தை ஒதுக்குகின்றனர்.

தோட்டாவுக்கும் ரேசருக்கும் இன்னோர் உறவு இந்தியாவில் வெளிப்பட்டது. பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலங்களில் காரணமின்றி விரிந்தன. அதனால் அதற்குப் பருவகால விரிசல் என்றே பெயரிட்டனர். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் காரணத்தை விளக்கினர். குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, உருவாக்கும்போதே உள்ளே இறுக்கம் தங்கிவிட்ட பித்தளையைப் பிளந்திருக்கிறது. பழைய ஜில்லெட் ரேசர்களின் பித்தளைக் குழாய்ப் பிடிகளில் நீளவாக்கில் ஓடும் மயிரிழை விரிசல்களும் இறுக்கம் தங்கிய பித்தளையின் இதே பலவீனத்தை நினைவூட்டுபவை. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களை இவற்றின் அருகே கொண்டுசெல்லலாகாது; இளஞ்சூட்டு நீரும் சோப்பும் மென்மையான தூரிகையும் போதும்.