தென்காசி மலையில் யானை, புலியை எப்படி எண்ணுறாங்க? அந்தக் கணக்கால் என்ன பயன்?

தென்காசி மாவட்டத்தில் வடகரை, மேக்கரை, கடையம் பக்கம் மலையடிவார விவசாயிகளுக்கு யானை பயம் புதுசு இல்லை. ராத்திரியோட ராத்திரியாக இறங்கி வந்து தென்னை, வாழையைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். எந்த வழியாக, எந்த மாசத்தில் வருது என்று தெரிந்தால்தான் முன்கூட்டியே தடுக்க முடியும். காட்டுக் கணக்கெடுப்பு உதவுவது இங்கேதான்.

இது எந்தக் காடு?

களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1988-ல் தொடங்கப்பட்டது. கடையம் வனச்சரகம் இதில்தான் வருது. கடையநல்லூர், புளியங்குடி பக்கம் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயம் இருக்கு. 2022-ல் சுமார் 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது.

புலியை எப்படி எண்ணுறாங்க?

மனுஷனுக்கு கைரேகை மாதிரி புலிக்கு வரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட வேறு வேறு. அதனால் பாதையின் இரு புறமும் தானியங்கி கேமராக்களை எதிரெதிரே கட்டுவாங்க. படங்களை கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். 2006 முதல் 4 ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க இந்தக் கணக்கெடுப்பு நடக்குது. தமிழ்நாட்டில் 2018-ல் 264 புலிகள், 2022-ல் 306.

யானைக்கு?

யானைக்கு வரி கிடையாது. அதனால் மூணு வழி. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து நேரில் எண்ணுவது, கோட்டுப் பாதையில் நடந்து சாணக் குவியலை எண்ணுவது, நீர்நிலை அருகே காத்திருந்து ஆண், பெண், குட்டி எனக் குறிப்பது.

கணக்கை வைத்து என்ன செய்றாங்க?

* ரோந்து: புலிகள் காப்பகங்களில் 'எம்-ஸ்டிரைப்ஸ்' செயலி, வனக்காவலர் நடந்த பாதையையும் பார்த்த தடயத்தையும் பதிவு செய்யும். எந்த இடத்துக்கு ஆள் போகவே இல்லை என்பது அதில் தெரிஞ்சிடும்.
* களைச்செடி: உண்ணிச்செடி பரவினால் மானுக்குப் புல் இல்லை. மான் குறைந்தால் புலிக்கு இரை இல்லை. எங்கே முதலில் அகற்றணும் என்பதை தாவரக் கணக்கு காட்டும்.
* அகழி: யானையின் வழக்கமான பாதை தெரியாமல் வெட்டினால், அது பக்கத்து ஊர் வழியாக இறங்கும்.
* வழித்தடம்: செங்கோட்டைக் கணவாயில் சாலையும் ரயில் பாதையும் காட்டைக் குறுக்கே வெட்டுது. அகத்தியமலை விலங்குகள் வடக்கே பெரியாறு காடுகளுக்குப் போக இதைத் தாண்டணும். எங்கே தாண்டுது என்ற பதிவு இருந்தால்தான் அந்த இடத்தைக் கட்டடம் வராமல் காப்பாற்ற முடியும்.

விவசாயிகள் கவனத்துக்கு

கேமரா காட்டுக்குள்தான் இருக்கும், தோப்பில் இருக்காது. பயிர் சேதமானால் வனச்சரக அலுவலகத்தில் தேதி, இடத்தோடு எழுதிக் கொடுங்க. இழப்பீட்டுக்கு மட்டுமில்லை, யானை எந்தப் பக்கம் இறங்குது என்ற கணக்குக்கும் அந்த மனு உதவும்.