மோட்டார் ஓடாத நெடுஞ்சாலை

ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாகிற்று, வண்டிப் பாதை மோட்டார் வீதியாகிற்று என்ற ஒழுங்கிலேயே வீதிகளின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகின்றது. இவ்வொழுங்கிற்கு அடங்காத வீதியொன்று ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரன் ஏரியிலுள்ள மக்கினோத் தீவில் உண்டு. எம் 185 எனப்படும் அம்மாநில நெடுஞ்சாலை ஏறக்குறைய 8 மைல் நீளமானது. தீவின் கரையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே அது மீளுகின்றது. அதிற் செல்வன குதிரை வண்டிகளும் சைக்கிள்களுமே.

துறைமுக நகரிலிருந்து கிழக்குக் கரைவழியே செல்பவர், குன்றின்மேல் இயற்கையாய் அமைந்த சுண்ணாம்புக்கல் வளைவொன்றைக் காண்பர். அப்பால் வடமேற்குக் கரையில் 'பிரித்தானியர் இறங்குதுறை' எனும் இடம் உளது. 1812 யூலை 17 ஆம் திகதி விடியுமுன், பிரித்தானியப் படையினரும் உரோம வணிகர்களும் சுதேச இனத்துப் போர்வீரர்களும் அங்கு இறங்கிப் பீரங்கியொன்றைக் கோட்டைக்கு மேலுள்ள மேட்டுக்கு இழுத்துச் சென்றனர். போர் மூண்ட செய்தியையே அறியாதிருந்த அமெரிக்கத் தளபதி சண்டையின்றிச் சரணடைந்தான். 1814 இல் அமெரிக்கர் அதே துறையில் இறங்கித் தோல்வியுற்றனர். போரினால் மீளாத தீவு, உடன்படிக்கையினால் 1815 இல் மீண்டது.

பிற்காலத்தில் உரோம வணிகம் நலிய, உல்லாசப் பயணிகளே தீவின் சீவனோபாயமாயினர். 1875 இல் தீவின் பெரும்பகுதி அந்நாட்டின் இரண்டாவது தேசியப் பூங்காவாயிற்று. 1895 இல் அது மாநிலத்தின் பொறுப்பில் வந்தது. இந்நிலையிலேயே மோட்டார் வண்டி தோன்றிற்று. அதன் இரைச்சலுக்குக் குதிரைகள் மிரளுகின்றன என வண்டிக்காரர் முறையிடவே, 1898 இல் ஊர்ச்சபை அதனைத் தடைசெய்தது. 1901 இல் பூங்கா நிருவாகமும் அத்தடையை மேற்கொண்டது. இன்று இத்தடையை இயற்கைப் பற்றின் சின்னமாகப் போற்றுவோர் பலர். ஆயின், அதன் பிறப்பில் ஓங்கி நின்றது வண்டிக்காரரின் பிழைப்பே. அதனைக் கூறுவது தடைக்கு இழுக்காகாது. கூறாது விடுவதே வரலாற்றுக்கு இழுக்காகும்.

ஹென்றி போர்ட் மலிவான மோட்டார் வண்டிகளை உலகிற்களித்த டெற்றோயிற் நகரும் இதே மாநிலத்திலேயே உள்ளது. அம்மாநிலம் 1933 இல் இவ்வீதியை மாநில நெடுஞ்சாலையாக ஏற்றது. நெடுஞ்சாலையென்றால் மோட்டார் ஓடவேண்டும் என்ற நியதி இங்கு மட்டும் செல்லுபடியாகவில்லை. நோயாளர் வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றிற்கே விலக்குண்டு. மாரியிற் பனிமேற் செல்லும் இயந்திர ஊர்திகளுக்கும் இடமளிக்கப்படுகின்றது. கோடையில் ஏறத்தாழ 600 குதிரைகள் தீவில் உழைக்கின்றன.

எனினும், மோட்டாரைத் தடுத்த தீவினால் ஏரியைத் தடுக்க முடியவில்லை. 2019, 2020 ஆம் ஆண்டுகளில் நீர்மட்டம் பெரிதும் உயர, அலைகள் வீதியின் பகுதிகளை அரித்துச் சென்றன. அவற்றைத் திருத்துவதற்கு, நூறாண்டுக்கு மேலாக விலக்கப்பட்டிருந்த இயந்திரங்களையே தீவு அழைக்கவேண்டியதாயிற்று.