யார் படிக்கலாம், யார் எழுதலாம்?

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் மட்டும் இடம்பெறவில்லை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், தொழிலாளர்கள் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும், துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டியலை இன்று படித்தால், அதில் பல கோரிக்கைகள் அனுமதி பற்றியவை என்பது தெரியும்.

தோட்டத்தில் அனுமதி எப்படி இயங்கியது என்பதற்குச் செக்ரோல் புத்தகமே சாட்சி. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் பேர் போடுவது கிராணி. புத்தகத்தில் எழுதுவது அவர், வாங்கிப் பார்ப்பது துரை. முழுப் பேர் விழுந்ததா, அரைப் பேர் விழுந்ததா என்று தொழிலாளி எட்டிப் பார்க்க வழியில்லை. பார்த்தாலும் படிக்கத் தெரியாதவர் பலர். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவருக்குப் படிக்கவும் உரிமையில்லை, எழுதவும் உரிமையில்லை.

ஒரே ஏட்டைப் பலர் பகிரும்போது யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற இந்தக் கேள்வி கணினிக்குள் நுழைந்தது 1960-களில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில், ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஏற்பாட்டை பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் உருவாக்கினார்கள். ஒருவர் ஏட்டில் மற்றவர் கை வைக்காமலிருக்கக் கடவுச்சொல் வந்தது. ஆனால் அதே தசாப்தத்தின் நடுவில் நடந்தது வேடிக்கை. நிர்வாகிகளில் ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்கு எல்லாம் வரவேற்பு அறிவிப்பாக வந்து விழுந்தது, அத்தனை பேருடைய கடவுச்சொல் பட்டியல்! வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு அது நடந்ததாகவும், பல மணி நேரம் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டியிருந்ததாகவும் கோர்பட்டோ பின்னாளில் கூறியிருக்கிறார்.

கதவுக்குப் பூட்டு இருந்தால் போதாது, வீட்டுக்குள் ஒவ்வோர் அலமாரிக்கும் பூட்டு வேண்டும் என்ற பாடம் அன்றைய கணினி உலகத்துக்குக் கிடைத்தது. அடுத்து வந்த மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டம் அதைக் கடுமையாகவே எடுத்துக்கொண்டது. பெல் ஆய்வுக்கூடம் 1969-இல் அத்திட்டத்திலிருந்து விலகியபோது, அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தங்கள் சிறிய கணினியில் எளிமையான ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் யூனிக்ஸ்.

1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே சிஎச்மோட் என்ற கட்டளை இருக்கிறது. கோப்பின் அனுமதியை மாற்றும் கட்டளை அது. அப்போது உலகம் இரண்டே வகுப்பு: கோப்புக்கு உரிமையாளர், உரிமையாளர் அல்லாதவர். இருவரும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும் குழு என்ற பேச்சே இல்லை. ஒரு கோப்புக்கு ஏழு காப்புக் குறிகள் என்றுதான் எழுதினார்கள். 1978-இல் அதே கட்டுரையைத் திருத்தி வெளியிட்டபோது குறிகள் பத்தாகிவிட்டன. இடையில் நுழைந்தது குழு. சேர்ந்து வேலை செய்கிறவர்களை அந்நியர் வரிசையில் நிறுத்த முடியாது என்பதை நடைமுறை கற்றுக்கொடுத்திருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் இயக்கத்தின் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டக் குறிப்பை எழுதுகிற செயலாளர் கோப்பின் உரிமையாளர். செயலவை என்பது குழு. உறுப்பினரும் வருவோர் போவோரும் மற்றவர். இந்த மூன்று வகுப்புக்கும் தலா மூன்று உரிமைகள்: படிப்பது, எழுதுவது, இயக்குவது. மூன்று மும்மூன்று ஒன்பது. பத்தாவது குறிக்குப் பிறகு வருவோம். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று மதிப்பு வைத்துக் கூட்டிக்கொள்வார்கள். சிஎச்மோட் 640 என்று கட்டளை வரியில் தட்டினால், செயலாளர் படிக்கலாம், எழுதலாம், செயலவை படிக்க மட்டும் செய்யலாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. 644 என்றால் எல்லோரும் படிக்கலாம், எழுதுவது செயலாளர் ஒருவரே. பொதுக்கூட்டத்துக்கு முன் எது, பின் எது என்பதை இயக்கம் தீர்மானிக்க வேண்டும். கணினி தீர்மானிக்காது.

கோப்புறை என்று வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கோப்புறையைப் படிக்கும் உரிமை என்பது உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்க்கும் உரிமை. இயக்கும் உரிமை என்பது அதற்குள் காலடி வைத்துக் கடந்து போகும் உரிமை. 1941-இல் உறவினருக்காகக் கேட்டார்களே, அது. எழுதும் உரிமை இருக்கிறதே, அதுதான் ஆபத்தானது. புதிய கோப்பைச் சேர்க்கவும், இருக்கிற கோப்பை நீக்கவும் அது அதிகாரம் தருகிறது. கூட்டக் குறிப்பை யாரும் திருத்த முடியாதபடி 440 என்று பூட்டிவிட்டு, அது இருக்கும் கோப்புறையை 777 என்று எல்லாருக்கும் திறந்து வைத்தால் என்ன ஆகும்? யாரும் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ஆனால் எவரும் அந்தக் கோப்பையே அழித்துவிட முடியும். கணக்குப் புத்தகத்தைக் கயிறு போட்டுக் கட்டி, ஐந்தடியில் வைத்த கதை.

பத்தாவது குறி டென்னிஸ் ரிட்சியின் தனிப்பட்ட கண்டுபிடிப்பு. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் காப்புரிமையும் கிடைத்தது. நேயர்கள் கேட்கலாம்: கடவுச்சொல் கோப்பில் எழுதும் உரிமை தலைமை நிர்வாகிக்கு மட்டும் என்றால், சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை எப்படி மாற்றுவார்? பயனர் ஒரு சிறு நிரலை அழைப்பார். அந்த நிரல், அழைத்தவரின் அதிகாரத்தில் ஓடாமல் தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடி, அவர் வரியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். தொழிலாளியே தன் பேரைச் சரிபார்க்க, கிராணியின் பேனாவை ஒரு வரிக்கு மட்டும் இரவல் கொடுப்பது போல. நிரலில் ஓட்டை இருந்தால் பேனா முழுவதும் பறிபோகும் என்பதும் உண்மை. பிறகு நடந்த ஊடுருவல்கள் பலவற்றுக்கு வாசல் அதுவே.

மலேசியாவுக்கு வருவோம். 1985-இல் மிமோஸ் தொடங்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து அங்கு சென்ற முகமது அவாங் லாவின் உழைப்பில் 1992-இல் ஜாரிங் இணையச் சேவை பிறந்தது. ஜாரிங் 2015-இல் மறைந்துபோனது வேறு கதை. 1990-களின் இறுதியில் சொந்த இணையப் பக்கம் வைப்பது பரவியபோது, சேவை நிறுவனங்களின் கணினிகளில் பெரும்பாலும் யூனிக்ஸ் வகைகளே ஓடின. வருகையாளர் ஏடு வைக்க வேண்டுமென்றால் இணையச் சேவை நிரல் ஒரு கோப்பில் எழுத வேண்டும். அந்த நிரலோ பக்கத்தின் உரிமையாளர் அல்ல, மற்றவர். எனவே 777 போடுங்கள், வேலை செய்யும் என்றன பல வழிகாட்டிக் குறிப்புகள். வேலை செய்யத்தான் செய்தது. அதே கணினியில் இடம் வாடகைக்கு எடுத்திருந்த முன்பின் தெரியாத வாடிக்கையாளரும் அந்தக் கோப்பில் எழுதலாம் என்பதை யாரும் சொல்லவில்லை.

சட்டமும் வந்தது. 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் 2000 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்குப் பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. யூனிக்ஸிலும் ரூட் என்ற தலைமைப் பயனர் உண்டு. அவர் முன்னால் படிப்பது, எழுதுவது பற்றிய குறிகள் செல்லுபடியாகா. ஒப்புமை தற்செயலானதுதான், ஆனால் கசக்கிறது.

2004-இல் மலேசிய அரசாங்கம் திறந்த மூலநிரல் பெருந்திட்டத்தை அறிவித்தபோது, லினக்ஸ் அரசு அலுவலகங்களிலும் இடம்பிடிக்கத் தொடங்கியது. இன்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடைக்காரர் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் லினக்ஸ்தான். ஒவ்வொரு செயலியையும் அது தனித்தனிப் பயனராகவே நடத்துகிறது. வங்கிச் செயலியின் கோப்பை விளையாட்டுச் செயலி திறக்க முடியாமல் தடுப்பதில் 1970-களின் அந்தக் குறிகளுக்கும் பங்கு உண்டு. அவற்றைத் தந்த அதே தாம்சன்தான், 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து யுடிஎஃப்-8 முறையையும் வகுத்தார். கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறதே, அதற்கும் அவருக்கு ஒரு நன்றி.

அவசரக்காரர்களுக்கு ஒரு தகவல். ஒரு கோப்புறையையும் அதற்குள் இருக்கும் அனைத்தையும் ஒரே கட்டளையில் 777 ஆக்கிவிடலாம். ஒரு நொடி வேலை. ஆனால் திருப்பும் கட்டளை கிடையாது. எந்தக் கோப்புக்கு முன்பு என்ன எண் இருந்தது என்பதை யூனிக்ஸ் தானாக எங்கும் எழுதி வைப்பதில்லை. முன்கூட்டியே நகல் எடுத்து வைக்காத செயலாளர், இது செயலவைக்கு, இது உறுப்பினருக்கு, இது தமக்கு மட்டும் என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து, நினைவிலிருந்துதான் திரும்ப எண் போட்டாக வேண்டும்.