திருப்பதி மலைப் பொன்பல்லி: பெயரிடலும் இனங்காணலும்

ஓர் உயிரினத்தை இனங்கண்டு வகைப்படுத்துதல் விலங்கியலாரின் பணி எனினும், அப்பணி பெயரிடலில் தொடங்கிப் பெயரிடலிலேயே நிறைவுறுகிறது. ஆதலின் மொழியியலாரும் அதில் கருத்துச் செலுத்த இடமுண்டு. திருப்பதி மலைகளில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற பொன்பல்லியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவ்வரலாற்றைப் பெயர்களின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1870இல் இப்பல்லியை அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். அவ்விவரிப்பு சென்னையில் வெளிவந்த ஒரு மருத்துவ மாத இதழில் அச்சேறியது. அவர் இட்ட பெயர் 'கலோடாக்டைலஸ் அவுரியஸ்'. 'கலோஸ்' என்பது அழகையும் 'டாக்டைலோஸ்' என்பது விரலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள். 'அவுரியஸ்' என்பது பொன்னாலானது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பேரினப் பெயர் விரலையும் சிற்றினப் பெயர் நிறத்தையும் சுட்டுதல் கருதத்தக்கது. விரல் நுனியில் விரிந்தமைந்த ஒட்டுத் தகடுகளே இதனைப் பிற பல்லிகளினின்றும் பிரித்தறிய உதவும் நிலையான அடையாளம். நிறம் அத்தகையதன்று. வளர்ந்த ஆண்பல்லியிடமே பொன்மஞ்சள் நிறம் சிறந்து தோன்றும். பெண்பல்லியும் குஞ்சும் மங்கிய பழுப்பு நிறத்தன. எனவே வகைப்பாட்டின் சுமையை விரலே தாங்குகிறது. நிறம் பெயருக்கு அணியாக நிற்கிறது.

பெடோம் இட்ட பேரினப் பெயர் நிலைக்கவில்லை. அதே பெயர் முன்னரே வேறொரு விலங்குக்கு இடப்பட்டிருந்தது. விலங்கியற் பெயரீட்டு விதிப்படி இரு விலங்குப் பேரினங்கள் ஒரே பெயரைத் தாங்குதல் கூடாது; முந்தியதே நிற்கும். ஆகவே எம்பிரிக் ஸ்டிராண்ட் என்னும் நார்வே நாட்டு அறிஞர் 1926இல் 'கலோடாக்டைலோடஸ்' என்னும் மாற்றுப்பெயரைத் தந்தார். 'போன்றது' எனப் பொருள்படும் கிரேக்க விகுதியொன்றைச் சேர்த்ததே அவர் செய்த மாற்றம். பெயர் மாறினும் அது சுட்டும் விலங்கு மாறவில்லை. சொல்லும் பொருளும் பிணைவது வழக்கினால் என்பர் மொழியியலார். விலங்கியலில் அப்பிணைப்பு மூலமாதிரியாலும் முந்துரிமை விதியாலும் காக்கப்படுகிறது.

இப்பேரினத்தில் மற்றோர் இனமும் உண்டு. அதனை 1953இல் பி.இ.பி. தெரணியகல இலங்கையிலிருந்து விவரித்தார். 'இல்லிங்வொர்தோரம்' என்னும் அதன் சிற்றினப் பெயரிலுள்ள 'ஓரம்' என்பது இலத்தீன் ஆறாம் வேற்றுமைப் பன்மை விகுதி. ஒருவரையன்றி ஒன்றுக்கு மேற்பட்டோரை அது சிறப்பிக்கிறது என்பது விகுதியாலேயே விளங்கும். இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இவ்விரு நெருங்கிய உறவினங்கள் காணப்படுதல் இரு நிலங்களின் தொன்மைத் தொடர்பைப் பற்றிய ஆய்வுக்குப் பயன்படுவது. ஆரன் பாவர், இந்திரனில் தாஸ் ஆகியோர் 2000இல் இப்பேரினம் முழுவதையும் மீளாய்வு செய்தனர்.

பெடோமுக்குப் பின் இப்பல்லி ஏறத்தாழ ஏட்டளவிலேயே வாழ்ந்தது. நூறாண்டுக்கும் மேல் கடந்து, 1986இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், ஆந்திரப் பிரதேசக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இது மீண்டும் கண்டறியப்பட்ட செய்தியை ஜே.சி. டேனியல் முதலியோர் வெளியிட்டனர். பின்னர்த் தமிழ்நாட்டின் திருவண்ணாமலைப் பகுதியிலும் ஒடிசாவிலும் இது பதிவாயிற்று. நீர்நிலைக்கு அருகிலுள்ள பாறைப் பிளவுகளே இதன் உறைவிடம். பாறைப் பரப்பில் பல முட்டைகள் ஒருங்கே ஒட்டியிருத்தல் இதன் இருப்பைக் காட்டும் குறி.

இங்கு இடப்பெயர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பெடோமின் காலத்தில் திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கியது. 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய ஏட்டில் 'வட ஆர்க்காடு' எனக் கண்டு, இன்றைய வேலூரைச் சுற்றி மட்டும் தேடுவோர் மூல இடத்தைத் தவறவிடுவர். ஆட்சி எல்லை மாறும், மலை மாறாது.

தெலுங்கில் இதனைப் 'பங்காரு பல்லி' என்பர். தமிழில் 'பல்லி', தெலுங்கில் பகர ஒலிப்புடை முதலெழுத்தோடு அதே சொல், கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து 'ஹல்லி' என வழங்குவது திராவிட ஒப்பிலக்கணம் அறிந்த செய்தி. ஆனால் பொதுப்பெயர் ஒப்புமையை இன ஒப்புமையாகக் கொள்ளுதல் ஆகாது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் அடியார் தொட்டு வணங்கும் பொற்பல்லி ஒரு சமயச் சின்னம். பெயர் ஒன்றாயிருத்தல் மட்டுமே கொண்டு அதனை இவ்வுயிரினத்தின் உருவமெனத் துணிதல் முறையன்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பொன்பல்லி இடம்பெற்றுள்ளது. பொன்னிறம் கண்டு மட்டும் காப்பதாயின், பழுப்புநிறப் பெண்ணும் குஞ்சும் வேறு பல்லியென ஒதுக்கப்படும்; பெண்ணின்றி இனம் தொடராது. பெயரிலுள்ள பொன்னைக் காட்டிலும் விரலிலுள்ள அடையாளத்தை வனக்காவலரும் மலைவாழ் மக்களும் அறியச் செய்தலே பயன்தரும். அதற்கேற்ற எளிய விளக்கநூல்கள் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவருதல் வேண்டும்.