கோதண்டத்திலிருந்து ஏ.டி.ஹெச்.டி வரை

போன மாசம் ஆணி கொஞ்சம் கம்மி. நாலு நாள் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அக்கா பையனுக்கு எட்டு வயசு, பத்து நிமிஷம் ஒரு இடத்துல உட்கார மாட்டான். "டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்களாம். அக்கா அழுதுக்கிட்டிருக்கா. மாமாவோ, "நாலு போட்டா சரியாயிடும், டாக்டர் எதுக்கு?"ங்கறார்.

கொசுவத்தி சுத்திடுச்சு. அதே வயசுல டியூஷன்ல நான் முட்டி போட்ட நாட்கள் கொஞ்சமா நஞ்சமா!

இந்த "நாலு போட்டா" வைத்தியம் ரொம்பப் பழசு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல கோதண்டம்னு ஒரு தண்டனை உண்டு. உத்தரத்துல கட்டின கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும். ஆனா அதே திண்ணையிலதான் மணல்ல விரலால எழுதுறது, சத்தம் போட்டு ஒப்பிக்கிறது, பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித் தர்றது எல்லாம் இருந்தது. 1789 முதல் எழும்பூர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்தச் சட்டாம்பிள்ளை முறையைப் பார்த்துதான் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். கை கால் சும்மா இருக்காத பையனுக்கு பெஞ்சை விட திண்ணையே தேவலைன்னு எனக்குத் தோணுது, கோதண்டம் நீங்கலாக :-)

மேற்கே 1798லயே அலெக்சாண்டர் கிரைட்டன்ங்கற ஸ்காட்லாந்து டாக்டர், கவனம் நிலைக்காத நிலையைப் பற்றி எழுதிட்டார். 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில் பேசினப்போ, புத்தியில குறையில்லாத பிள்ளைகளுக்கும் இது வருதுன்னு சொன்னார். ஆனா அதுக்கு வெச்ச பேர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை'. பழி பிள்ளை மேலேயேதான்! 1937ல அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின்ங்கற ஊக்க மருந்து கொடுத்தார். தலைவலி குறையட்டும்னு கொடுத்தது. பசங்க பலர் அமைதியா உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சாங்க. 1980ல 'கவனக் குறைபாடு'ன்னு பேர் வந்தது. 1987ல அதோட 'மிகை இயக்க'மும் சேர்ந்தது.

இன்னிக்குத் தெரிஞ்சது இது: வளர்ப்பு சரியில்லாம வர்றதில்லை, பெரும்பாலும் பரம்பரையா வருது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேன்லயோ கண்டுபிடிக்க முடியாது. 12 வயசுக்குள்ள அறிகுறி தெரிஞ்சிருக்கணும். ஆறு மாசமாவது நீடிக்கணும். ஸ்கூல்ல மட்டும் இல்லாம வீடு மாதிரி இன்னொரு இடத்துலயும் இருக்கணும். அதனால டீச்சர் சொன்னார்ங்கறதுக்காக முத்திரை குத்தவும் கூடாது, சொன்னதைத் தள்ளவும் கூடாது. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில கற்றல் குறைபாடு இருக்கு, இதுக்குப் பேர் இல்லை. அதனால வீட்டுல புரிஞ்சுக்கறது இன்னும் முக்கியம்.

இதையெல்லாம் மாமாகிட்ட விளக்கினேன். பொறுமையா கேட்டார்.

"பரம்பரைன்னா எங்க பக்கம் இல்லைப்பா" என்றவர், மேஜைக்கடியில நிக்காம ஆடிக்கிட்டிருந்த என் காலைப் பார்த்தார்.

மறுநாள் தில்லை நகர்ல ஒரு டாக்டரைப் பார்க்க எல்லோருமாகக் கிளம்பினோம். டோக்கன் ரெண்டு வாங்கினார் மாமா.